உப்புத்தாள் ப, துண்டு ம

பசை டீச்சர் என்ற பேரைப் பிள்ளைகள் வைக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்தது. எப்போது பார்த்தாலும் அவள் விரல் நுனியில் காய்ந்த பசை தோல் உரிந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் ஒரு அட்டைப்பெட்டி குப்பைக்குப் போவதென்றால், வழியில் அவள் மேசையில் இறங்கி ஏறித்தான் போகும். பெட்டி கடிகாரமாகும், பாட்டில் மூடி கூட்டல் கணக்காகும், கிழிந்த நாட்காட்டி எண்வரிசையாகும். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் அறுந்துபோன தன் செருப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதைக் குப்பையில் போடட்டுமா இல்லை நீங்கள் பாடம் நடத்தப் போகிறீர்களா என்று கேட்டாள். கேலிதான். பசை டீச்சர் செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அடிப்பாகம் நல்ல வரிவரியாக இருந்தது. வைத்துக்கொண்டாள்.

பிறந்த வீட்டுப் பழக்கம் அது. கடைத்தெருவில் ஆணி, பெயின்ட், பூட்டு விற்கும் கடை அவர்களுடையது. அப்பா காலத்துக்குப் பிறகு இப்போது அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். வாங்க வருகிறவன் எதைத் தொடுகிறான், எதைப் பார்க்காத மாதிரிப் பார்க்கிறான், எந்த இடத்தில் 'அப்ப வேண்டாம்' என்று எழுந்து நடக்கிறான், எத்தனை அடி நடக்கவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் பார்த்தே அவள் வளர்ந்தாள். சரக்கைக் கையில் கொடுத்துவிட்டால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி என்பது அண்ணனின் கட்சி. வகுப்பறையிலும் அவள் அதைத்தான் செய்தாள். பாடத்தைக் கையில் கொடுத்தாள்.

அவளுடைய இரண்டாம் வகுப்பில் பட்டாணி என்றொரு சிறுமி இருந்தாள். உருண்டை முகம், குட்டையான உடம்பு, எங்கே வைத்தாலும் உருண்டுபோய் மேசைக்கு அடியில் கிடைப்பாள். அதனால் வந்த பேர். வாய் மட்டும் வஞ்சகமில்லாமல் பேசும். பெரிய கடை வைத்திருப்பவள் மாதிரி எதிரில் இருப்பவரை நிறுத்தி விசாரிப்பாள்: ஏன் டீச்சர் கண்ணு சிவந்திருக்கு, தூங்கலையா, யார் திட்டினா. ஆனால் பலகையில் எழுத்தைக் காட்டினால் வாய் மூடிக்கொள்ளும். இன்று சொன்ன எழுத்து நாளைக்கு அவளுக்குப் புது எழுத்து. ப, ம, ய மூன்றும் அவள் கண்ணுக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள்; யார் மூத்தவன், யார் இளையவன் என்று தெரியாது. கண்ணைச் சோதித்தார்கள், கண்ணில் கோளாறு இல்லை. காதிலும் இல்லை. பிறகு எங்கே கோளாறு என்று சொல்ல அந்த ஊரில் ஆள் இல்லை.

அது வெறும் படிப்பு விஷயமாக இருந்திருந்தால் காத்திருக்கலாம். ஆனால் வருஷக் கடைசியில் வாசிப்புச் சோதனை ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்வார்கள். வாசிக்காத பிள்ளையை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். பட்டாணியின் அம்மாவுக்குச் சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை. விடியும் முன்பே கிளம்புகிறவள். அப்பா என்று ஒருவர் இருந்ததற்கு அடையாளம் பட்டாணியின் உருண்டை மூக்கு மட்டும்தான். மாற்றினால் என்ன செய்வீர்கள் என்று டீச்சர் ஒருமுறை கேட்டபோது, அந்த அம்மா ரொம்ப யோசிக்கவில்லை.

"யாரு கூட்டிட்டுப் போறது டீச்சர்? வீட்லயே உக்காத்தி வச்சிடுவேன். பூட்டிட்டுத்தான் போகணும்."

கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மழை வந்தால் குடை எடுப்பேன் என்பது மாதிரிச் சொன்னாள். அந்தப் பூட்டு டீச்சரின் நெஞ்சில் விழுந்தது. பூட்டு விற்கும் வீட்டில் பிறந்தவளுக்கு ஒரு பூட்டின் கனம் தெரியும்.

அன்று சாயங்காலமே அண்ணன் கடைக்குப் போய் உப்புத்தாள் துண்டுகளைப் பொறுக்கினாள். மரத்தைத் தேய்க்கிற சொரசொரப்பான தாள். அதில் ப வெட்டி அட்டையில் ஒட்டி, மறுநாள் பட்டாணியின் சுட்டுவிரலைப் பிடித்து எழுத்தின் மேல் ஓட்டினாள். பட்டாணி கூசிச் சிரித்தாள். இன்னொரு தடவை கேட்டாள். அடுத்த நாள் காலையில் அட்டையைக் கையில் கொடுத்ததும், "ப" என்றாள். அதற்கு அடுத்த நாளும் ப. எழுத்து முதல் தடவையாக அவளிடம் ராத்தங்கியிருந்தது.

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. ம-வுக்கு என்ன செய்வது என்று யோசித்தாள். அதையும் உப்புத்தாளில் வெட்டினால் இரண்டும் குழம்பிவிடுமோ என்று பயம். வேறு வேறு சரக்கில் செய்தால் குழப்பம் இருக்காதே என்று தோன்றியது. நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. ம-வைப் பழைய குளியல் துண்டில் வெட்டினாள். ட-வை ஜீன்ஸ் துணியில். ர சைக்கிள் டியூபில். க பாத்திரம் தேய்க்கும் நாரில். ச-வுக்குப் பள்ளிக்கூடப் பையின் தோள்பட்டை நாடா. ய-வுக்கு அந்தச் செருப்பின் அடிப்பாகம். மெய்யெழுத்துக்கு மேலே வைக்கும் புள்ளி, சட்டைப் பொத்தான். ஒரு பருவம் முழுக்க இதே வேலை. வீட்டில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் இல்லாமல் போனது. அவள் வீட்டுக்காரர் தன் கால்சட்டைகளை எண்ணி வைத்துப் பூட்ட ஆரம்பித்தார்.

ஆனால் பட்டாணி படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அட்டைகளை மடியில் வைத்துத் தடவி, "ட... ம்மு... இல்ல, ப-வை முன்னாடி வைங்க... படம்!" என்று அவள் சொன்ன அன்று, வகுப்பே கைதட்டியது. பக்கத்து வகுப்பு டீச்சர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகளும் இடைவேளையில் அட்டைகளுக்கு வரிசை கட்டினார்கள். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் பட்டாணி, பணக்காரி வீட்டு நகையைக் காட்டுகிற மாதிரி, ஒவ்வொரு அட்டையாக எடுத்துக் காட்டினாள். இஸ்திரி போட்டுக் காய்த்த விரலால் அந்த அம்மாவும் தடவிப் பார்த்தாள்.

இந்தச் செய்தி தலைமையாசிரியர் காதுக்குப் போனது. எதைக் கேட்டாலும் பாத்துக்கலாம் என்று சொல்வதால் அவருக்குப் பாத்துக்கலாம் சார் என்று பேர். கூரை ஒழுகினால் பாத்துக்கலாம், கூரை விழுந்தாலும் பாத்துக்கலாம். ஆனால் கற்பித்தல் கருவிக் கண்காட்சி வரப்போகிறது, அட்டைகளை அனுப்ப வேண்டும் என்பதில் மட்டும் அவர் பார்க்கவே இல்லை. உடனே என்றார். பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பரிசும் வந்ததாக அவர் காலத்தில் ஞாபகமில்லை. சுவரில் ஆணி மட்டும் அடித்து வைத்திருந்தார்.

பட்டாணிக்கு அட்டை தினமும் வேண்டும், சோதனைக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று டீச்சர் இழுத்தாள். இழுத்தாளே தவிர, அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. கடைக்காரன் மகள், தன் சரக்கை நாலு பேர் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிற சபலம் ரத்தத்தில் ஊறியது. ரெண்டே நாள்தான், மூணாம் நாள் உங்க மேசையில என்று அவர் சொன்னார். அவளும் கடைத்தெரு வழக்கப்படி, திருப்பிக் கொடுப்பது யார் பொறுப்பு, அழுக்கானால் யார் பொறுப்பு, தொலைந்தால் யார் பொறுப்பு என்று மூன்று கேள்வி கேட்டு, மூன்றுக்கும் பாத்துக்கலாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு, கொடுத்துவிட்டாள். வேறு எதுவாவது ஆனால் என்று நாலாவது கேள்வி ஒன்று இருப்பது அவளுக்குத் தோன்றவில்லை.

முதல் பரிசு கிடைத்தது. ஆணிக்கு ஒரு சட்டம் கிடைத்தது. அட்டைகள் வரவில்லை.

கண்காட்சியை நடத்தியது ஆசிரியர் வள மையம். பாடக் கருவிகளைச் சேர்த்துவைத்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். அதன் தலைவியை ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் லேமினேஷன் அம்மா என்பார்கள். அவர் கைக்குப் போன எந்தத் தாளும் பிளாஸ்டிக் போர்த்தாமல் வெளியே வந்ததில்லை. கால அட்டவணைக்கு லேமினேஷன், கை கழுவும் முறைக்கு லேமினேஷன், லேமினேஷன் மெஷினை எப்படிப் பயன்படுத்துவது என்ற குறிப்புக்கும் லேமினேஷன். வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் அசந்து தூங்கப் பயப்படுகிறாராம் என்று பயிற்சி இடைவேளைகளில் சிரித்துக்கொள்வார்கள். பசை டீச்சரும் சிரித்திருக்கிறாள்.

கேட்டுக் கேட்டு, ஆள் அனுப்பி, கடைசியில் அட்டைகள் ஒரு நேர்த்தியான பெட்டியில் வந்தன. தலைவி தானே கொண்டுவந்தார். மேசையில் வைத்துத் திறந்து, ஒரு அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பளபளவென்று மின்னியது.

"பிள்ளைங்க கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் பிசிர் பிசிரா இருந்துச்சு டீச்சர். மனசு கேக்கலை. அச்சகத்துல கொடுத்து, சூடு அழுத்தத்துல வச்சு எடுத்திருக்கேன். இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

டீச்சர் அட்டையை வாங்கி விரலால் தடவினாள். கண்ணாடி மாதிரி வழுக்கியது. துண்டின் நூல் சுருள்கள் பிளாஸ்டிக்குக்குள் நசுங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரித் தெரிந்தன. நாரைத் தட்டையாகச் சீவியிருந்தார்கள். செருப்பு மெஷினுக்குள் போகவில்லையாம். அதனால் அதை அழகாகப் படமெடுத்து, படத்தை ஒட்டியிருந்தார்கள். பொத்தான்களையும் எடுத்துவிட்டுக் கறுப்பு வட்டம் போட்டிருந்தார்கள், பிள்ளை விழுங்கிவிடக் கூடாதே என்று. எல்லாம் அக்கறைதான். அதுதான் வாயை அடைத்தது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். பரிசு கொடுக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறவரிடம் என்ன கேட்பது? நன்றி என்றாள். அந்த வார்த்தையும் பிளாஸ்டிக்காகத்தான் வந்தது.

அவர் போனதும் பிளேடை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் வந்தது, கூடவே துணியும் உரிந்து வந்தது. மூன்று அட்டை நாசமானதும் பிளேடைக் கீழே வைத்தாள்.

சரி, போனது போகட்டும், முதலே போய்விடவில்லையே, வித்தை கையில்தானே இருக்கிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். வேறு வேறு துணி தேட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையிலேயே உட்கார்ந்து, ஒரு கட்டு உப்புத்தாளை வாங்கி, எல்லா எழுத்தையும் அதிலேயே வெட்டினாள். அண்ணன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான். அவனுக்குச் சும்மா இருக்க வராது. தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கே பட்டறை போடுறா, சம்பளம் அவங்க கொடுக்கிறாங்க, சரக்கு நான் கொடுக்கிறேன் என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தான். ஆனால் கத்தரி மழுங்கியபோது அவனே எழுந்துவந்து புதுக் கத்தரி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை, வகுப்பு தொடங்கும் முன்பே பட்டாணியை மடியில் உட்கார்த்தி முதல் அட்டையைக் கொடுத்தாள். அட்டைகளைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்ததால் பட்டாணி ஆசையோடு கண்ணை மூடித் தடவினாள்.

"ப," என்றாள்.

அது ம. பரவாயில்லை, மறந்திருக்கும். அடுத்ததைக் கொடுத்தாள். அது ட.

"ப."

அடுத்தது க.

"இதுவும் ப டீச்சர்." பட்டாணி கண்ணைத் திறந்து, பாவம் டீச்சருக்குத் தெரியாமல் போய்விட்டதே என்கிற மாதிரிப் பார்த்தாள். "நீங்க எல்லாத்தையும் ப-வாவே பண்ணிட்டீங்க."

பசை டீச்சரின் கண் மேசையைத் துழாவியது. கரும்பலகை துடைக்கும் துண்டு கிடந்தது. பழைய குளியல் துண்டைக் கிழித்ததுதான். சதுரமாக, சுண்ணாம்புத் தூள் படிந்து, அதில் எந்த எழுத்தும் இல்லை. அதை எடுத்துப் பட்டாணியின் உள்ளங்கையில் வைத்தாள். வேண்டாம், எதுவும் சொல்லாதே என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

பட்டாணியின் முகம் மலர்ந்தது. "ம!"

அவ்வளவுதான். கண்ணெதிரே கணக்கு தெளிவாக இருந்தது. பிள்ளை எழுத்தைப் படிக்கவே இல்லை. அந்த விரல் வளைவையும் கோட்டையும் தேடவே இல்லை. சரக்கைப் பார்த்து விலை சொல்கிற கெட்டிக்கார வியாபாரி மாதிரி, தொட்டதும் துணியைச் சொல்லியிருக்கிறது. துண்டு என்றால் ம. ஜீன்ஸ் என்றால் ட. சொல்லிக் கொடுத்தது டீச்சர்தான். வடிவத்தில் குழம்பக் கூடாது என்று வடிவமே தேவைப்படாதபடி செய்து வைத்தவள் அவள்தான். இத்தனை மாதக் கைதட்டலும் துணிக்கு. லேமினேஷன் அம்மாவை ஒரு வாரமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாளே, அந்த அம்மா செய்ததெல்லாம் மூடியைத் திறந்து காட்டியதுதான்.

ஒரே பொருளில் எல்லா எழுத்தையும் வெட்டி, ஆரம்பத்திலிருந்து வடிவத்தைத் தேடவைத்திருந்தால் சரியாக வந்திருக்குமோ என்னவோ. வந்திருக்கலாம். அதற்கு ஒரு வருஷம் வேண்டும். அவளிடம் இருந்தது சில வாரங்கள்.

தலைமையாசிரியரிடம் ஓடினாள். பட்டாணிக்கு மட்டும் சோதனையைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. முதல்முறையாக, அது நம்ம கையில இல்லை டீச்சர் என்றார். பாத்துக்கலாம் என்று சொல்லியிருக்கலாமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்து வள மையம். அங்கே போனபோது இன்னொன்றும் தெரிந்தது. பரிசு வாங்கிய யோசனையை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பப் போகிறார்களாம். மேசை மேல் மாதிரி இருந்தது. அவளுடைய அட்டைகளைப் படமெடுத்து, வண்ணத்தில் அச்சடித்து, மேலே பளபளப்பு ஏற்றி, 'தடவிக் கற்போம்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். துண்டின் படம். ஜீன்ஸின் படம். உப்புத்தாளின் படம், அசலை விட அழகாக. 'ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனிப் பொருள் என்பதே இம்முறையின் சிறப்பு' என்று பின்னால் அவள் பேரோடு போட்டிருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். உப்புத்தாள், எல்லாமே ப, கரும்பலகைத் துண்டு, ஒன்று விடாமல். தன் தப்பையும் சேர்த்தே சொன்னாள். தலைவி கடைசி வரை கேட்டார். கேட்காத ஆள் இல்லை அவர். கேட்டுவிட்டு, எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு பிள்ளைக்கு வரலைன்னா முறை தப்புன்னு ஆகாது. முதல் பரிசு வாங்கினது இது. அச்சு முடிஞ்சு கட்டுக் கட்டியாச்சு. இப்போ போய் இது தப்புன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்களே கொஞ்சம் சொல்லுங்க."

டீச்சருக்குத் தெரிந்த பேரமெல்லாம் பேசினாள். அச்சு அப்படியே இருக்கட்டும், ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள். குறிப்பு வேண்டாம், பயிற்சியில் நான் வாயால் சொல்கிறேன். அதுவும் வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு வருஷம் தவணை வாங்கிக் கொடுங்கள், நான் எதையும் பேசவில்லை. கடைசி விலைக்கு வந்துவிட்டாள். தலைவி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆமாம் என்றா இல்லை என்றா தெரியாத ஆட்டம். பிறகு, சோதனையை நடத்துவது வேறு பிரிவு, அது தன் மேசைக்கு வராது என்றார். அப்போது டீச்சர் கடைத்தெருவின் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். அப்ப சரிங்க என்று எழுந்து, மெதுவாக, கூப்பிட நேரம் கொடுத்து, வாசலுக்கு நடந்தாள். கதவைத் திறந்தாள். கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு நொடி நின்றாள்.

யாரும் கூப்பிடவில்லை. வெளியே பஸ் நிறுத்தம் வரை யாரும் கூப்பிடவில்லை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாத கடையில் இத்தனை நேரம் பேரம் பேசியது அப்போதுதான் உறைத்தது.

மிச்சமிருந்த வாரங்களில் அவளும் பட்டாணியும் மல்லுக்கட்டினார்கள். மணலில் எழுதினார்கள், முதுகில் எழுதினார்கள், வாளித் தண்ணீரைத் தொட்டுச் சுவரில் எழுதினார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் கேலியை விட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பின் மற்ற பிள்ளைகளைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார்த்திக்கொண்டு, பட்டாணியை மட்டும் பசை டீச்சரிடம் விட்டாள். ட மட்டும் ஒருவழியாக வடிவத்தில் பிடிபட்டது. நேராக இறங்கி நேராகத் திரும்புகிற எழுத்து. மற்றதெல்லாம் காலையில் வந்து மாலையில் போயின. அதைவிட மோசம், பட்டாணி விசாரிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் கண் சிவந்திருக்கிறது என்று கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், தண்ணீர் எழுத்து வெயிலில் காய்ந்து மறைவதைப் பார்த்துக்கொண்டே, "பழைய அட்டை எங்க டீச்சர்? அது எனக்குத் தெரியுமே," என்றாள்.

சோதனை நாளில் வந்தவன் இளைஞன். மரியாதையான பையன்தான். அன்று இன்னும் பல பள்ளிகள் பாக்கி என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வகுப்பு டீச்சர் கதவருகில் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் விதி. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் அவன் எதிரில் உட்கார்ந்தார்கள். வாசிக்க வேண்டிய பத்தி புத்தகத்தில் இல்லை. தொட்டால் நகரும் கண்ணாடித் திரை கொண்ட ஒரு கைக்கணினியில் இருந்தது.

பட்டாணியின் முறை வந்தது. அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். பிறகு, பழகிய பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலை முதல் எழுத்தின் மேல் வைத்துத் தடவினாள்.

பக்கம் பறந்து போனது. அடுத்த பக்கம் வந்தது, அதுவும் போனது. ஏதோ ஒரு மூலையில் பாட்டுச் சத்தம் கூடக் கேட்டது.

அவன் சிரித்தபடி திரையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான். "தொடக் கூடாதும்மா. பாத்துப் படி."

பட்டாணி மறுபடி விரலை வைத்தாள். மறுபடி பறந்தது. இந்தத் தடவை அவன் அவள் கையை மெதுவாக எடுத்து அவள் மடியிலேயே வைத்தான்.

"கையை இங்கயே வச்சுக்க. கண்ணால படி."

கதவருகில் நின்ற டீச்சர் தன் கையைப் பிசைந்தாள். பட்டாணி திரையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், தன் டீச்சரைப் பார்த்தாள். மடியில் வைத்த கை சும்மா இருக்கவில்லை. அவன் தன் தோள்பையைக் கழற்றி மேசைக் காலோடு சாய்த்து வைத்திருந்தான். அதன் நாடா பட்டாணியின் முழங்காலில் உரசிக்கொண்டிருந்தது. விரல் அதைக் கண்டுபிடித்தது. நெருடிப் பார்த்தது. அவள் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

"ச," என்றாள், சத்தமாக, தெளிவாக.

அவன் திரையைப் பார்த்தான். பத்தியின் முதல் எழுத்து வேறு.

"ச," என்றாள் பட்டாணி மறுபடியும். டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள், சரிதானே என்று. முழங்காலுக்குக் கீழே இருந்த கையை அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவனுக்கு அது பை.

டீச்சர் வாயைத் திறந்தாள். திறந்து என்ன சொல்வது? சரி என்றால் விதி மீறல், தப்பு என்றால் அதைவிடப் பெரிய பொய். அவளை அறியாமல் தலை மட்டும் ஆமாம் என்று அசைந்தது. பட்டாணி நிம்மதியாக நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். அவன் திரையில் எதையோ தொட்டான். தொட்டதும் அது சரியாக நகர்ந்தது. அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டான்.

முடிவு வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பட்டாணியின் அம்மா வேலைக்கு நடுவில் அனுமதி கேட்டு வந்திருந்தாள். உடம்பில் இஸ்திரிச் சூட்டு வாசனை இன்னும் போகவில்லை. டீச்சர் தன் தவறு என்று தொடங்கி ஏதேதோ சொன்னாள். அந்த அம்மா நடுவில் குறுக்கிடவில்லை. உங்களை மாதிரி யாரும் பாடுபட்டதில்லை டீச்சர், அவளுக்குத்தான் மண்டையில ஏறலை என்றாள். இல்லை, அவளுக்கு ஏறியது, நான்தான் வேறு ஒன்றை ஏற்றிவிட்டேன் என்று டீச்சர் சொன்னது அந்த அம்மாவுக்குத் தன்னடக்கமாகப் பட்டது. கையெடுத்துக் கும்பிட்டாள். டீச்சருக்கு அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கத் தெம்பில்லை.

அன்றைக்கென்று பார்த்து வள மையத்துக் கட்டுகளும் வந்து இறங்கியிருந்தன. 'தடவிக் கற்போம்', பெட்டி பெட்டியாக, தாழ்வாரம் முழுக்க. அடுத்த வாரம் எல்லா ஆசிரியர்களுக்கும் பயிற்சி, நம்ம டீச்சர்தான் செய்து காட்டணும் என்று தலைமையாசிரியர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனார். பட்டாணி ஒரு பெட்டியைத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடித் தடவிப் பார்த்தாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பொறுமையாக வைத்தாள்.

"நல்லா வழவழன்னு இருக்கு டீச்சர்," என்றாள், மனசு நோகக் கூடாது என்பது போல.

அம்மா அவள் கையைப் பிடித்து, நேரமாச்சு என்றாள். வாசல் வரை போன பட்டாணி, கையை உருவிக்கொண்டு திரும்பி ஓடிவந்தாள். மேசையைக் காட்டினாள்.

"அந்த ம-வை நான் எடுத்துக்கவா?"

டீச்சர் கரும்பலகைத் துண்டை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே உதறினாள். சுண்ணாம்பு போகவில்லை. இன்னும் நன்றாக உதறினாள். பிறகு நாலாக மடித்துக் கொடுத்தாள். பட்டாணி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெள்ளையாக, அம்மாவின் பின்னால் போனாள்.

அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது. பலகையில் போன பாடம் அப்படியே இருந்தது. டீச்சர் உள்ளங்கையால் அதைத் துடைக்கப் பார்த்தாள். எழுத்துகள் மறையவில்லை, பலகை முழுக்க அப்பிக்கொண்டன.